மார்க்கு போட்டது யாரு?

வடை நன்றாக இருக்கிறது என்று சொன்னதற்காக என்னைக் குறுக்கு விசாரணை செய்த ஒரே மனுஷி எங்கள் மேடம்தான்.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நான் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். கணக்கும் தேர்வு மதிப்பீடும் சொல்லித்தர மேடம் புதிதாக வந்து சேர்ந்தார். முதல் நாளாயிற்றே என்று எதிர்க்கடையிலிருந்து வடை வரவழைத்து, "நல்லா இருக்கும், சாப்பிடுங்க மேடம்" என்றேன். அவர் வடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்னு சொன்னது யாரு சார்?"

"நான்தான் சொல்றேன். வேற யாரு சொல்லணும்?"

"இல்ல, நீங்க எல்லாத்தையும் நல்லா இருக்குதுன்னு சொல்ற ஆளா, எதையுமே சொல்லாத ஆளா? அது தெரிஞ்சாதான வடையப் பத்தித் தெரியும்."

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் என் யோக்கியதையை விசாரிக்கிறாளே இந்த அம்மா! பக்கத்தில் இருந்த ஓவிய ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். இந்த மனுஷன் தன் கல்யாணச் சாப்பாட்டையே 'பரவாயில்லை' என்றவர், இவர் வாயால் நல்லா இருக்கும் என்று வருவது லேசுப்பட்ட காரியமில்லை என்று எனக்காகச் சாட்சி சொன்னார். மேடம் உடனே வடையை எடுத்துக் கடித்தார். இரண்டாவதையும் எடுத்துக்கொண்டார்.

அவர் மணலூர்பேட்டைக்காரர். சென்னையில் புள்ளியியல் படித்தவர். அங்கே அத்தனை வருஷம் இருந்தும் ஊர்ப் பேச்சை விடவில்லை. 'இன்னா சார்' என்றுதான் பேச்சையே தொடங்குவார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சாக்பீஸ் தூள் படிந்த கையோடு ஆசிரியர் அறைக்குள் வருவார். சிரித்தால் அடுத்த வகுப்பில் பாடம் நிற்கும். அவ்வளவு பெரிய சிரிப்பு.

யார் எதைச் சொன்னாலும், சொன்னது இருக்கட்டும், சொன்னது யாரு என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. எங்கள் ஒவ்வொருவருக்கும் மனசுக்குள் ஒரு அளவு வைத்திருந்தார். ஓவிய ஆசிரியர் 'பிரமாதம்' என்றால் சுமார் என்று எடுத்துக்கொள்வார். நான் 'பரவாயில்லை' என்றால் முதல் வகுப்பு. முதல்வர் "நேத்து சங்கராபுரத்துல செம மழை" என்றால், அவர் குடை எடுக்காமல் போயிருப்பார், தூறியிருக்கும் என்பார். நான் ஒரு சினிமாவைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். மறுநாளே வீட்டுக்காரரோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சார் திட்டுனா நம்பிப் போலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். எப்படி இருக்கும் எனக்கு?

தன் கல்யாணக் கதையையும் இதே அளவில்தான் சொல்வார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையைப் பற்றி அத்தை, ஆள் ஒல்லி, நிறமும் கம்மி, பார்க்கச் சகிக்காது என்றாளாம். மாமா, ராஜா மாதிரி இருக்கிறான் என்றாராம். வீட்டில் ஒரே சண்டை. மேடம் இருவரையும் உட்கார வைத்து, நம்ம பெரியப்பா மகன் எப்படி இருப்பான், அதைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். அந்த அண்ணன் ஊருக்கே தெரிந்த அழகன். அவனையும் அத்தை 'சகிக்காது' என்றாள். மாமாவுக்கு அவனும் ராஜாதான். "அப்புறம் இன்னா சார், ரெண்டு பேரும் ஒரே ஆளதான் சொல்றாங்க, அளவுதான் வேறன்னு புரிஞ்சிபோச்சி. சரின்னுட்டேன்" என்பார். அவர் வீட்டுக்காரர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். நான் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை.

இருவர் அளந்ததை ஒப்பிட வேண்டுமானால் இருவரும் அளந்த ஒன்று நடுவில் இருக்க வேண்டும். அத்தை கதையில் அந்த அண்ணன். வகுப்பிலும் இதைத்தான் நடத்துவார். மாணவிகள் அத்தை கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.

ஆண்டு விழாப் பேச்சுப் போட்டிக்கு ஒருமுறை நானும் ஓவிய ஆசிரியரும் நடுவர்களாக உட்கார்ந்தோம். பத்துக்கு மதிப்பெண். நான் கவனமாகக் கேட்டு, நன்றாகப் பேசியவர்களுக்கு ஏழு, மற்றவர்களுக்கு ஆறு, தடுமாறியவர்களுக்கு ஐந்து என்று போட்டேன். ஓவிய ஆசிரியர் பிடித்தால் பத்து, கொஞ்சம் பிடித்தால் ஏழு, பிடிக்காவிட்டால் ஒன்று. கூட்டிப் பார்த்தால் அவருக்குப் பிடித்த பெண் முதல் பரிசு, அவருக்கு அடுத்ததாகப் பிடித்தவள் இரண்டாம் பரிசு. மேடம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு நடுவர வச்சிங்க, தீர்ப்பு சொன்னது ஒருத்தர்தான்."

"அப்ப நான் அங்க உக்காந்து இன்னாதான் பண்ணேன்?" என்று அவர் பேச்சிலேயே கேட்டேன், வந்த கோபத்தில்.

"டீ குடிச்சிங்க சார்."

அடுத்த வருஷத்திலிருந்து மதிப்பெண்ணைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, நடுவருக்கு நடுவர் முதல், இரண்டு, மூன்று என்று வரிசை எடுத்துக் கூட்ட வைத்தார். அதன் பிறகுதான் என் ஏழுக்கு மரியாதை வந்தது.

இப்படிச் சிரித்துக்கொண்டு திரிந்த மனுஷி, அஞ்சலை விஷயத்தில்தான் எங்களோடு முட்டிக்கொண்டார்.

அஞ்சலை கல்வராயன் மலைப் பெண். எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரிலிருந்து டீச்சர் ஆக வந்த முதல் ஆள். பெயிலானால் அடுத்த வருஷம் கிடையாது, மரவள்ளிக் காட்டுக்கு வந்துவிட வேண்டியது என்று வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். எழுத்துத் தேர்வு அவளுக்குப் பயமில்லை. கற்பித்தல் தேர்வுதான் பாக்கி. உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பாடம் நடத்த வேண்டும். பின்னால் ஒரு எக்ஸாமினர் உட்கார்ந்து நூற்றுக்கு மார்க்கு போடுவார். ஐம்பது எடுத்தால் பாஸ்.

பக்கத்துப் பள்ளிகளில் எல்லோருக்கும் இடம் போதாததால் பாதிப் பேரை மலைமேல் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்பினோம். கீழே ஒரு அம்மையார் எக்ஸாமினர். மலைக்கு, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான ஒரு பெரியவர். மார்க்கு வந்தது. கீழே இருந்தவர்கள் எல்லோரும் நல்ல பாஸ். மலைக்குப் போனவர்களுக்குச் சராசரியில் பத்து கம்மி. அஞ்சலைக்கு நாற்பத்தொன்று.

முதல்வர் நல்ல மனுஷன். பெரியவர் கறார் பேர்வழி, ஊருக்கே தெரியும், மலை ஆட்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்து கூட்டிவிடுவோம், மார்க்கு இன்னும் சென்னைக்குப் போகவில்லை என்றார். அஞ்சலைக்கு ஐம்பத்தொன்று ஆகிவிடும். நானும் ஓவிய ஆசிரியரும் அப்பாடா என்று மூச்சு விட்டோம். மேடம் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"பெரியவரு கீழ ஒருத்தரயும் பாக்கல. அம்மா மலைல ஒருத்தரயும் பாக்கல. அவரு கறாரா, இல்ல அங்க போன புள்ளைங்க சுமாரா, இத வச்சி எப்படி சார் சொல்றது? நடுவுல அண்ணனே இல்லியே."

"மேடம், ஒரு பொண்ணு பாஸாவுது. உங்க அண்ணன் கதைக்கு இப்ப நேரமா?" என்றேன். சத்தமாகவே சொல்லியிருப்பேன். அறையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மேடம் விருட்டென்று எழுந்தார். போய் அஞ்சலையைக் கூட்டி வந்தார். அழுது அவள் முகம் வீங்கிப்போயிருந்தது. பாடம் எப்படிப் போனது என்று கேட்டார். அதுவரை நாங்கள் யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பசங்க நல்லா கேட்டுக்கினு இருந்தாங்க மேடம்" என்றாள் அஞ்சலை. "அவருதான் கண்ண மூடிக்கினு இருந்தாரு."

"உன்னுது எத்தனாவது பாடம்?"

"முதல்ல, மேடம். என் பேரு 'அ' தான."

மேடம் கரும்பலகைக்குப் போய், அன்றைக்குப் பாடம் நடத்திய வரிசையிலேயே மலையில் நடத்தியவர்களின் மார்க்கை எழுதினார். பெயர் அகர வரிசைதான் பாட வரிசை. அ, ஆ, இ எல்லாம் பாதாளத்தில் கிடந்தன. க-வுக்கு வரும்போது கொஞ்சம் எழுந்து உட்கார்ந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்திய ம-வும் வ-வும் எழுபதைத் தொட்டுவிட்டன. எல்லோருக்கும் பத்து கூட்டினால் வ-வில் இருக்கிற பெண் ஒன்றும் செய்யாமலே எண்பது வாங்கி, கீழே நிஜமாகவே நன்றாக நடத்தியவளைத் தாண்டிவிடுவாள். அஞ்சலையோ மலைக்காரப் பெண் என்பதால் தூக்கிவிட்டார்கள் என்ற பேச்சோடுதான் வெளியே போவாள்.

சனிக்கிழமை என்னோட மலைக்கு வர முடியுமா சார் என்றார் மேடம். சண்டை போட்ட தோஷம், சரி என்றேன். பெரியவர் போன அதே காலை பஸ். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மூன்றாவது வளைவிலேயே எனக்கு வயிறு புரட்டியது. அடுத்த வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியவன்தான், வெள்ளிமலை வரும்வரை உள்ளே இழுக்கவில்லை. மேடம் பக்கத்து சீட்டில் புளி மிட்டாய் தின்றுகொண்டு வந்தார். ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை.

இறங்கிய உடனே டீக்கடைக்குக் கூட்டிப்போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். எப்படி சார் இருக்குது, நூற்றுக்கு எவ்வளவு போடலாம் என்று கேட்டார். கழுநீர், பத்து போடலாம், அதுவும் சூடாக இருப்பதற்கு என்றேன். அங்கே இருந்த மலை, மேகம், டீக்கடைக்காரர் முகம் எதுவுமே எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் ரசம் சோறு சாப்பிட்டு, பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்தேன். அதே கடையில் மறுபடி டீ. மேடம் மறுபடி கேட்டார்.

"பரவாயில்ல" என்றேன். "அறுபத்தஞ்சி."

அவர் கைதட்டிச் சிரித்த சிரிப்பில் கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடிவிட்டது. அதே மாஸ்டர், அதே பால், அதே தூள், மாறியது நீங்கதான் சார் என்றார். எலியை வைத்துச் சோதனை செய்வதுபோல என்னை வைத்துச் செய்திருக்கிறார்! திரும்பும்போது பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை நான். எப்படிப் பேசுவேன், தலை வெளியே இருந்தது.

மறுநாள் பெரியவர் வீட்டுக்குப் போனோம்.  நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆண்டவரிடம் போய், உங்கள் மார்க்கு சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மேடம் அப்படிச் சொல்லவே இல்லை. மலை பஸ்ஸில் நான் பட்ட பாட்டை நடித்துக் காட்டினார். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நின்றதும் நாற்காலியை மேடம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் அந்த பஸ்ஸு ஆவாதும்மா" என்றார். "முத நாலஞ்சி பாடம் கண்ண மூடிக்கினுதான் கேட்டேன். தொறந்தா சுத்துது. புள்ளைங்களுக்கு எதனா ஆயிடுச்சா?"

மேடம் மார்க்கு ஏறிய வரிசையைச் சொன்னார். பெரியவர் உடனே, இப்போதே எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கூட்டிப் போட்டுக் கையெழுத்து போடுகிறேன் என்று பேனாவை எடுத்தார். மேடம் தடுத்துவிட்டார். பஸ் மயக்கம் பாடத்துக்குப் பாடம் எவ்வளவு தெளிந்தது என்று கணக்குப் போட முடியும், அதற்கு வழி இருக்கிறது, ஆனால் அப்படிப் போட்டால் அது என் மார்க்காகத்தான் இருக்கும், அவள் மார்க்காக இருக்காது என்றார். மலையில் நடத்திய எல்லோரையும் மறுபடி நடத்தவிடுவோம், நீங்கள் முந்தின நாளே மேலே வந்து தூங்கி எழுந்து பாருங்கள், கீழே பார்த்த அம்மாவும் கூட உட்காரட்டும் என்றார்.

 ஐம்பத்தொன்று கையில் இருந்தது. மறுபடி நடத்தி, அந்தப் பெண் பயத்தில் உளறிக் கொட்டினால்? வெளியே வந்ததும் கேட்டேன். அஞ்சலையைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன் சார் என்றார் மேடம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை. அவருக்கும் பயம் இருந்தது.

மறுதேர்வு நாள் காலை மலைப் பள்ளிக்கூடத்தில் குளிர் வெடவெடத்தது. பெரியவரும் அம்மையாரும் விடுதியில் தூங்கி, வெந்நீரில் குளித்து, கேழ்வரகுக் கூழ் குடித்துத் தெளிவாக வந்து உட்கார்ந்தார்கள். முதலில் யாரும் எதிர்பாராத ஒன்றை மேடம் செய்தார். தானே சாக்பீஸை எடுத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் நடத்தினார். இருவரும் எனக்கு மார்க்கு போடுங்கள், உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் அண்ணன் என்றார். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, போட்டார்கள். அம்மையார் எழுபத்துநாலு. பெரியவர் அறுபத்தெட்டு. அறுபத்தெட்டுதானா என்று முகம் சுளிப்பார் என்று பார்த்தேன். இருவர் அளவுக்கும் நடுவில் ஆறு வித்தியாசம் என்று தெரிந்துவிட்டதாம், மனுஷி பூரித்துப்போய்விட்டார்.

பாட வரிசைக்கு இந்தமுறை பெயர் அகர வரிசை கிடையாது, சீட்டுக் குலுக்கல். ஓவிய ஆசிரியர் குலுக்கினார், ஒரு குழந்தை எடுத்தது. முதல் சீட்டு அஞ்சலை.

ஐயோ என்றேன். மறுபடி குலுக்கச் சொல்லுங்க மேடம் என்று காதோடு சொன்னேன். சீட்டுன்னா சீட்டுதான் சார் என்றுவிட்டார். ஆனால் அவர் கையில் இருந்த சாக்பீஸ் இரண்டாக உடைந்ததை நான் பார்த்தேன்.

அஞ்சலை உள்ளே போனாள். நாங்கள் வெளியே ஜன்னலோரம் நின்றோம். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது பாடம். முதலில் குரல் நடுங்கியது. பிறகு பலகையில் ஓர் ஓடையை வரைந்து, இது யார் வூட்டுக்குப் பின்னாடி ஓடுது என்று கேட்டாள். அவ்வளவுதான், வகுப்பே எழுந்து நின்றது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு ஓடைதான் அது என்று சண்டைக்கு வந்தது. அந்தச் சண்டையையே பிடித்துக்கொண்டு ஓடையை ஆறாக்கினாள், ஆற்றைக் கடலில் விட்டாள், கடலை மேகமாக்கி மறுபடி அவர்கள் மலைமேலேயே கொண்டுவந்து கொட்டினாள். பெரியவர் கண்ணை மூடவில்லை. முன்னால் சாய்ந்து, முகவாயில் கையை ஊன்றிக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பையன்போல உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குளிரால்தான் என்று ஓவிய ஆசிரியரிடம் சொல்லிவைத்தேன்.

மாலையில் மார்க்குத் தாளை வாங்கி வந்தவன் நான். பாடம் நடத்திய எல்லோருக்கும் பெரியவர் அம்மையாரைவிட ஐந்தாறு கம்மியாகத்தான் போட்டிருந்தார், காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி. ஆக, கறார் கொஞ்சம் உண்மைதான். ஆனால் நிலையாகக் கறாராக இருப்பவரைப் பற்றி மேடத்துக்குக் கவலை கிடையாது, அந்த ஐந்தாறைச் சேர்த்துக்கொண்டால் தீர்ந்தது. முதல் தடவை மார்க்கை மேலும் கீழும் ஆட்டியது அந்த பஸ்தான்.

"மேடம், அஞ்சலைக்கு ஒருத்தர் எழுபத்தொம்பது, இன்னொருத்தர் எழுபத்துமூணு" என்றேன். "ரெண்டு பேருமே உங்களவிட அவளுக்கு அஞ்சி ஜாஸ்தி."

எது யார் போட்டது என்று கேட்பார் என்று காத்திருந்தேன். நான் அவரை அறிந்த காலத்தில் அந்தக் கேள்வியை அவர் விட்டது அந்த ஒரு தடவைதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பொண்ணு கைல சொல்லிட்டிங்களா?" என்று கேட்டுக்கொண்டே மைதானத்தில் ஓடினார். புடவைத் தலைப்பு இடுப்பிலிருந்து அவிழ்ந்து பின்னால் பறந்தது.

சில வருஷத்தில் வீட்டுக்காரரோடு அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார். இப்போதும் யாராவது எதையாவது ஓகோ என்று புகழ்ந்தால், சொன்னது யாரு என்று என் வாய் தானாகக் கேட்கிறது. வீட்டில் திட்டு வாங்குகிறேன்.

போன வருஷம் ஒரு வேலையாக மலைக்குப் போனேன். அஞ்சலை அங்கே ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. பஸ்ஸிலிருந்து இறங்கித் தள்ளாடிக்கொண்டு போய் நின்றவனைப் பார்த்து, பாடம் பார்க்க வந்த அதிகாரி என்றே நினைத்துவிட்டாள். நான் என்று தெரிந்த பிறகும், மேடத்திடம் கேட்டு, பாடம் பார்க்க வருகிறவர்களுக்கென்று வைத்திருந்த முறையை மாற்றவில்லை. உட்கார வைத்து ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்தாள்.

"எப்படி சார் இருக்குது?"

"கழுநீர்" என்றேன்.

அஞ்சலை சிரிக்காமல் டம்ளரை வாங்கி வைத்தாள். அலமாரிப் பக்கத்தில் ஒரு நார்க்கட்டில், தலையணை, தட்டில் நறுக்கிய எலுமிச்சம்பழம் எல்லாம் தயாராக இருந்தன.

"அப்ப செத்த படுங்க சார்" என்றாள். "டீ நல்லா ஆனதும் எழுப்புறேன்."